28 ஆட்டத்தில் ஜெயிக்க: நாலு சீட்டில் கேட்பது முதல் கடைசிப் பிடி வரை

பெங்களூருக்கு வேலைக்கு வரும் நம் ஆட்களில் பலருக்கு ரம்மியும் கழுதையும் ஊரிலேயே பழக்கம். 28 பெரும்பாலும் இங்கே வந்துதான் ஒட்டிக்கொள்கிறது. மடிவாளா, எஸ்.ஜி. பாளையா பக்கம் அறை எடுத்தால் கூடவே ஒரு மலையாளி நண்பர் இருப்பார். நாலு பேர் சேர்ந்ததும் சீட்டுக்கட்டு வெளியே வரும். வெள்ளிக்கிழமை ராத்திரி கன்னியாகுமரி போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறினால், சேலம் வருவதற்குள் ஏதாவது ஒரு பெட்டியில் "பதினாறு", "பதினேழு", "பாஸ்" என்று குரல் கேட்கும்.

விதிகளை ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். அப்புறமும் வருஷக்கணக்கில் ஆடித் தோற்பவர்கள் நிறைய. தன் கையில் இருக்கும் எட்டுச் சீட்டை மட்டும் ஆடுவதுதான் காரணம். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளியின் எட்டையும் சேர்த்துப் பதினாறாக ஆட வேண்டிய ஆட்டம் இது. அந்தப் பதினாறை எப்படி ஆடுவது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

விதிகள், சுருக்கமாக

கட்டிலிருந்து 2 முதல் 6 வரை உள்ள சீட்டுகளை எடுத்துவிட்டால் 32 மிச்சம். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு ஜோடி. சீட்டுப் போடுவதும் ஆடுவதும் வலப்பக்கமாகச் சுற்றும். ஒவ்வொரு இனத்திலும் (இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர்) பெரியதிலிருந்து சிறியது: ஜாக்கி, 9, ஏஸ், 10, ராஜா, ராணி, 8, 7. ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1. மற்றதெல்லாம் பூஜ்யம். மொத்தம் 28.

முதலில் ஆளுக்கு 4 சீட்டு. அதைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும், அதாவது நம் ஜோடி இத்தனை புள்ளி எடுக்கும் என்று சொல்ல வேண்டும், குறைந்தது 14. அதிகம் கேட்டவர், மற்ற இனங்களை வெட்டி ஜெயிக்கும் துருப்பு இனத்தைத் தேர்ந்து, அதில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். பிறகு மீதி 4 சீட்டு வரும். ஒருவர் ஒரு சீட்டை இறக்க, மற்ற மூவரும் ஆளுக்கு ஒன்று போடுவது ஒரு பிடி. இறக்கிய இனம் கையில் இருந்தால் அதையே போட வேண்டும். இல்லாதவர் எதையாவது போடலாம், அல்லது துருப்பைத் திறக்கச் சொல்லலாம். திறக்கச் சொன்னவரிடம் துருப்பு இருந்தால் அதைப் போட்டே ஆக வேண்டும். திறக்கும்வரை துருப்புக்குத் தனி பலம் கிடையாது. கேட்டவர், துருப்பு திறக்கும் முன் அந்த இனத்தை இறக்கக் கூடாது. கையில் வேறு எதுவும் இல்லையென்றால் மட்டும் விதிவிலக்கு.

எட்டுச் சீட்டில் இருபது புள்ளி

நாலு ஜாக்கி சேர்ந்தால் 12. நாலு ஒன்பது சேர்ந்தால் 8. ஆக 28ல் 20 புள்ளி இந்த எட்டுச் சீட்டில் அடங்கிவிடுகிறது. எத்தனை பிடி எடுத்தோம் என்பதை யாரும் எண்ணுவதில்லை. ஐந்து பிடி எடுத்தும் தோற்கலாம், மூன்றே பிடியில் ஜெயிக்கவும் செய்யலாம். அதனால் புதிதாக ஆடுபவர்கள் 32 சீட்டையும் மனசில் வைக்க முயல வேண்டாம். எந்தெந்த ஜாக்கி விழுந்தது, எந்தெந்த ஒன்பது விழுந்தது என்பதை மட்டும் தவறாமல் எண்ணுங்கள். அது கைவந்த பிறகு துருப்பு எத்தனை போனது என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஏஸும் பத்தும் அதற்கும் பிறகு.

நாலு சீட்டை வைத்துக் கேட்பது

ஆட்டத்தின் பாதி இங்கேயே முடிவாகிறது. பலர் மனசுக்குத் தோன்றியதைக் கேட்கிறார்கள். இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, விரலிலேயே போடலாம்.

உங்கள் கையில் உள்ள 4 போக மீதி 28 சீட்டு. அதில் உங்களுக்கு இன்னும் 4 வரும், கூட்டாளிக்கு 8. ஆக 28ல் 12 உங்கள் பக்கம், அதாவது ஏழில் மூன்று பங்கு. கையில் உள்ள புள்ளியை 28லிருந்து கழித்து, மிச்சத்தில் ஏழில் மூன்று பங்கைக் கையில் உள்ளதோடு கூட்டினால், உங்கள் ஜோடியிடம் சராசரியாக எவ்வளவு இருக்கும் என்று தெரியும். கையில் 7 புள்ளி என்றால் மிச்சம் 21, அதில் 9, ஆக 16. கையில் 5 என்றால் ஏறக்குறைய 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 12 வரும். கூட்டாளியை மறந்துவிட்டுக் கேட்பவர்கள் இந்தப் பன்னிரண்டைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இது சீட்டில் இருக்கும் புள்ளி. பிடிக்கும் புள்ளி வேறு. துருப்பு பலமாக இருந்தால் எதிராளியின் புள்ளியும் கொஞ்சம் நம் பக்கம் வரும், துருப்பு மெலிந்திருந்தால் நம்முடையதே போகும். ஒரே இனத்தில் ஜாக்கியோடு ஒன்பதும் இன்னொரு சீட்டும் இருந்தால் சராசரிக்கு மேல் ஒன்றோ இரண்டோ கூட்டிக் கேட்கலாம். இஸ்பேட் ஜாக்கி, 9, 7, கூட கிளாவர் ராஜா என்று வந்தால் 16 தாராளமாகக் கேட்பேன், எதிராளி ஏற்றினால் 17 வரை போவேன். அதே சமயம் இரண்டு ஜாக்கி வெவ்வேறு இனத்தில், ஒவ்வொன்றும் தனியாக வந்திருந்தால் புள்ளி 6 என்றாலும் அங்கே துருப்பாக வைக்க இனமே இல்லை. பலரும் ஆசைப்பட்டுக் கேட்டுத் தோற்கும் கை அது. 15க்கு மேல் போக வேண்டாம்.

பல மேஜைகளில் கேட்டு ஜெயித்தால் 1 கேம், தோற்றால் 2 கேம் போகும். 20க்கு மேல் கேட்டால் இரண்டுமே கூடும். ஒன்றுக்கு இரண்டு என்று வைத்தால், மூன்று முறை கேட்டு இரண்டில் ஜெயித்தால்தான் கணக்கு சமமாகும். பாதிக்குப் பாதி ஜெயிக்கும் கையைக் கேட்பது நஷ்டம். எதிராளியைச் சீண்டுவதற்காக ஒன்று ஏற்றிவிடுவது சிலருக்குப் பழக்கம். அவர் பாஸ் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியை நீங்கள் ஆட வேண்டியிருக்கும், கூட்டாளியையும் இழுத்துக்கொண்டு.

கேட்பதிலேயே கூட்டாளிக்குச் செய்தி போகிறது. முதல் ஆள் கட்டாயமாகக் கேட்கும் 14க்கு அர்த்தம் எதுவும் இல்லை. யாரும் கட்டாயப்படுத்தாமல் 16 என்று ஒருவர் சொன்னால் அவரிடம் ஒரு நல்ல இனம் இருக்கிறது. உங்கள் கூட்டாளி அப்படிச் சொல்லி, பிறகு எதிராளி 17க்கு எடுத்துப் போனால், கூட்டாளியிடம் ஒரு ஜாக்கியாவது இருக்கும் என்று நம்பி எதிர்த்து ஆடுங்கள்.

எதைக் கவிழ்ப்பது

கவிழ்த்த சீட்டு திறக்கும்வரை உங்கள் கையில் கிடையாது. ஜாக்கியைக் கவிழ்த்துவிட்டால், எதிராளி தெரியாமல் அதே இனத்தை இறக்கும்போது அதைக் கொண்டு பிடிக்க முடியாது. அதனால் சாதாரணமாக அந்த இனத்தில் சின்னதையே கவிழுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் யோசிப்பதில்லை. கேட்டவர் தானாகத் துருப்பை இறக்க முடியாது. ஒரு இனம் கையில் தீர்ந்து, அந்த இனம் இறங்கும்போதுதான் திறக்க முடியும். ஆக துருப்பு எவ்வளவு பலமாக இருந்தாலும், திறக்க ஒரு வாசல் வேண்டும். தனியாக வந்த ஒற்றைச் சீட்டுதான் அந்த வாசல்.

மேலே சொன்ன கையையே எடுத்துக்கொள்வோம். இஸ்பேட் 7ஐக் கவிழ்த்து 16 கேட்டாயிற்று. அடுத்த நாலு சீட்டு: ஆட்டின் ஏஸ், ஆட்டின் 8, டைமன் 10, டைமன் ராணி. இடப்பக்க எதிராளி முதலில் ஆட்டின் ஜாக்கியை இறக்குகிறார். நீங்கள் 8 போடுகிறீர்கள், வலப்பக்க எதிராளி 9ஐத் தன் ஆளுக்கு ஏற்றுகிறார், உங்கள் கூட்டாளி ராணி. அவர்களுக்கு 5. அடுத்து அவர் டைமன் 7 இறக்க, நீங்கள் ராணியைப் போடுகிறீர்கள், பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறீர்கள். வலப்பக்கம் ஏஸ் விழுகிறது, கூட்டாளி டைமன் ஜாக்கியால் எடுக்கிறார். உங்களுக்கு 4. கூட்டாளி கிளாவர் ஜாக்கியை இறக்குகிறார்; இடப்பக்கம் 7, உங்கள் ராஜா, வலப்பக்கம் ராணி. இப்போது 7 புள்ளி, கிளாவரும் தீர்ந்துவிட்டது.

கூட்டாளி இதைக் கவனித்து மறுபடியும் கிளாவர் 8ஐ இறக்குகிறார். இடப்பக்கத்தவர் ஜாக்கி போய்விட்டதே என்று ஒன்பதைப் போடுகிறார். இங்கேதான் நீங்கள் துருப்பைத் திறக்கிறீர்கள். 7ஆல் வெட்டாதீர்கள். வலப்பக்கத்தவரிடமும் கிளாவர் இல்லையென்றால் அவர் மேலே வெட்டிவிடுவார். இஸ்பேட் 9ஆல் வெட்டுங்கள். அதற்கு மேல் ஜாக்கி ஒன்றுதான், அது உங்களிடம். வலப்பக்கத்தவர் வேறு வழியில்லாமல் கிளாவர் 10ஐப் போடுகிறார். 2, 2, 1 என்று 5 புள்ளி, ஆக 12. இனி இஸ்பேட் ஜாக்கியை இறக்கினால் 15 உறுதி. துருப்பு ஏஸோ பத்தோ அதில் விழுந்தால் அங்கேயே 16. விழாவிட்டாலும் மீதி மூன்று பிடியில் ஒரே ஒரு புள்ளிதான் பாக்கி.

அந்தக் கையில் வழி திறந்தது கிளாவர் ராஜாவால். புள்ளியில்லாத ஒற்றை ராஜா. கூட்டாளி கிளாவரை இறக்காமல் இருந்திருந்தால், இறக்கும் முறை வந்ததும் நீங்களே அதை இறக்கிக் கையை விட்டு அனுப்பியிருக்க வேண்டும்.

ஜாக்கியை முதல் சுற்றிலேயே இறக்குங்கள்

ஒரு இனத்தில் எட்டே சீட்டு. உங்களிடம் 3 இருந்தால் வெளியே 5. மூன்று பேருக்கும் இரண்டிரண்டு வர 6 வேண்டும், 5 போதாது. ஆக அந்த இனத்தின் இரண்டாவது சுற்றில் யாராவது ஒருவரிடம் அது இல்லாமல் போவது நிச்சயம். உங்களிடம் 2 இருந்தாலும் ஏறக்குறைய இதே கதிதான். 52 சீட்டு ஆட்டங்கள் ஆடி வந்தவர்கள் பெரிய சீட்டைப் பொத்தி வைப்பார்கள். இங்கே பொத்தி வைத்த ஜாக்கி வெட்டுப்படும்.

முதல் சுற்றில் எல்லாரும் அதே இனம் போடும் வாய்ப்பைக் கணக்கிட்டால், உங்களிடம் அந்த இனத்தில் 2 இருந்தால் சுமார் 82 சதவீதம், 3 இருந்தால் 70, 4 இருந்தால் பாதிதான். இரண்டு ஜாக்கி கையில் இருந்தால் குட்டையான இனத்தின் ஜாக்கியை முதலில் இறக்க வேண்டும் என்பது இதிலிருந்து வருகிறது. கை நீளமாக இருப்பதே பலம் என்று நினைத்து நீளமான இனத்தில் ஆரம்பிப்பவர்கள் அதிகம். அங்கேதான் எதிராளி வெட்டக் காத்திருப்பார்.

புள்ளி ஏற்றுவது

ஒரு ஜோடி எப்படிப்பட்டது என்பதை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான். கூட்டாளியின் ஜாக்கி விழுந்த பிடியில் உங்கள் ஒன்பதைப் போட்டுவிடுங்கள். "அடுத்த சுற்றில் இதுதானே பெரியது" என்று வைத்துக்கொள்ளத் தோன்றும். அடுத்த சுற்றில் யாரோ ஒருவரிடம் அந்த இனம் இருக்காது என்பதைத்தான் மேலே பார்த்தோம். ஜாக்கியோடு போனால் 2 புள்ளி கையில். வைத்திருந்தால் அது எதிராளியின் வெட்டுக்குப் போகலாம். துருப்பு இனம் மட்டும் விதிவிலக்கு: கூட்டாளி துருப்பு ஜாக்கியை இறக்கும்போது ஏஸ், பத்து இருந்தால் அவற்றைக் கொடுத்து, ஒன்பதை அடுத்த பிடிக்கு வைக்கலாம்.

கூட்டாளி ஜெயித்துக்கொண்டிருக்கும் பிடியில் உங்களிடம் அந்த இனமே இல்லை என்றால் அது பொன்னான நேரம். எதைப் போடுவது? துணையில்லாத ஒன்பதைப் போடுங்கள். ஆட்டின் 9 தனியாக இருக்கிறது, ஆட்டின் ஜாக்கி இன்னும் விழவில்லை என்றால், எதிராளி அந்த ஜாக்கியை இறக்கும் நாளில் அது தானாகப் போய்விடும். அதற்கு முன் கூட்டாளியின் பிடியில் ஏற்றிவிட்டால் 2 புள்ளி நமக்கு. அடுத்த தேர்வு தனிப் பத்து, தனி ஏஸ்.

கடைசியாக ஆடுபவருக்கு எல்லாம் தெரியும், யோசனை எளிது. கூட்டாளி இறக்கி நீங்கள் மூன்றாவதாக ஆடும்போதுதான் துணிய வேண்டும். உங்களுக்குப் பின்னால் இருப்பவர் கேட்டவராக இருந்து, அந்த இனம் ஏற்கெனவே ஒரு சுற்று போயிருந்தால் ஏற்றாதீர்கள். முதல் சுற்று என்றால் ஏற்றுங்கள். எதிராளி ஜெயிக்கும் பிடியில் 7, 8, ராணி, ராஜா தவிர எதுவும் கொடுக்காதீர்கள். அதற்காகவே பூஜ்யச் சீட்டுகளைச் சேமித்து வைக்க வேண்டும். நம் பிடியில் ராஜாவைப் போட்டுவிட்டு, அவர்கள் பிடியில் பத்தைக் கொடுக்க நேர்வதை மேஜைக்கு மேஜை பார்க்கலாம்.

கூட்டாளி 7 அல்லது 8ஐ இறக்கினால், "இந்த இனத்தில் ஜாக்கி என்னிடம் இல்லை, உன்னிடம் இருந்தால் எடு" என்று அர்த்தம். உங்களிடம் இருந்தால் தயங்காமல் எடுங்கள்.

துருப்பைத் திறக்கச் சொல்வது எப்போது

எதிர்த்து ஆடும்போது ஒரு இனம் இல்லை என்றவுடன் "திற" என்று சொல்வது கெட்ட பழக்கம். திறந்த நிமிஷத்திலிருந்து கேட்டவர் துருப்பை இறக்கலாம். உங்கள் கூட்டாளியின் ஒன்றிரண்டு துருப்பையும் உருவிவிடுவார். வாசல் தேடி அலைந்துகொண்டிருந்தவருக்கு நீங்களே கதவைத் திறந்துவிட்ட கணக்கு.

பிடி கூட்டாளியுடையது என்றால் கேட்கவே வேண்டாம், புள்ளி ஏற்றுங்கள். பிடி எதிராளியுடையது, அதில் 3 புள்ளிக்கு மேல் கிடக்கிறது, உங்களிடம் துருப்பாக இருக்கக்கூடிய இனங்கள் குறைந்தது இரண்டு இருக்கின்றன என்றால் திறக்கக் கேளுங்கள். ஒன்றோ பூஜ்யமோ கிடக்கும் பிடிக்கு ஒரு ராணியைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருங்கள். கேட்டவரின் கூட்டாளியாக நீங்கள் இருந்தால் கதை தலைகீழ்: அவருக்கு வாசல் கிடைக்கவில்லை என்று தெரிந்தால், நீங்கள் கேட்டுத் திறந்து கொடுப்பதே உதவி.

துருப்பு எது என்று திறக்காமலேயே ஊகிக்க முடியும். கேட்டவர் எந்த இனத்தை இறக்குவதே இல்லை என்று பாருங்கள். இரண்டு மூன்று முறை அவருக்கு இறக்கும் வாய்ப்பு வந்தும் ஆட்டினைத் தொடவில்லை என்றால் பெரும்பாலும் ஆட்டின்தான். அந்த இனத்தின் ஜாக்கி உங்களிடம் இருந்தால் திறக்கும் முன்பே இறக்கிவிடுங்கள். கேட்டவர் அதே இனத்தைப் போட்டே ஆக வேண்டும். துருப்பில் ஒன்று குறையும், ஒன்பதை மட்டும் கையில் வைத்திருந்தால் அதுவும் உங்களிடம் வந்து விழும்.

கணக்கு

கேள்வி முடிந்ததும் ஒரு எண்ணை மனசில் எழுதிக்கொள்ளுங்கள். எதிர்ப்பவர்களுக்கு வேண்டியது 29லிருந்து கேட்டதைக் கழித்தது. 17 கேட்டால் 12, 20 கேட்டால் 9. ஒவ்வொரு பிடி முடியும்போதும் அந்த எண்ணிலிருந்து குறைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டு பக்கக் கணக்கையும் வைக்கத் தேவையில்லை.

இந்த எண் தெரிந்தால் கடைசி மூன்று பிடியின் ஆட்டமே மாறும். இன்னும் 1 புள்ளி போதும் என்றால், 5 புள்ளிக்கு ஆசைப்பட்டு ஜாக்கியைக் காத்திருக்க வைக்காமல், கிடைக்கும் முதல் பத்தை எடுத்து முடித்துவிடலாம். இன்னும் 5 வேண்டும் என்றால், பத்துகளை விட்டுக்கொடுத்து ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்து விழும் ஒரே பிடிக்காகக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

மேஜையில்

பெங்களூரில் ஒரே மேஜையில் நாகர்கோவில்காரர், கோட்டயத்துக்காரர், இங்கேயே அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழர் என்று உட்காருவார்கள். ஒவ்வொருவரும் கற்ற விதி கொஞ்சம் வேறு. முதல் சீட்டுப் போடும் முன் நாலு விஷயத்தைப் பேசிவிடுங்கள்: முதல் ஆள் கட்டாயம் 14 கேட்க வேண்டுமா, கூட்டாளி கேட்டதற்கு மேல் நாம் கேட்கலாமா, எட்டுச் சீட்டும் வந்த பிறகு மறுபடி ஏற்றலாமா, தோற்றால் எத்தனை கேம். பாதி ஆட்டத்தில் வரும் சண்டைகள் முக்கால்வாசி இவற்றில்தான்.

கண்ஜாடை, இருமல், சீட்டைத் தட்டிப் போடுவது எல்லாம் திருட்டு. சீட்டாலேயே சொல்ல இவ்வளவு வழி இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை. ஆட்டம் நடக்கும்போது கூட்டாளியைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கிய கை அடுத்த ஆட்டத்தில் பயந்து 14க்கு மேல் கேட்காது. முடிந்த பிறகு நாலு பேர் சீட்டையும் விரித்துவைத்து "அந்த மூணாவது பிடியில் ஏன் ஒன்பதைப் போடலே?" என்று சாவகாசமாகக் கேளுங்கள். காசு வேண்டாம். பொது இடத்தில் பணம் வைத்து ஆடினால் கர்நாடக போலீஸ் சட்டம், 1963 பாயும், ஆட்டமும் கெடும்.

ஆள் கிடைக்காத வார நாள்களில் தனியாகப் பழக ஒரு வழி: 32 சீட்டைக் கலைத்து நாலு எடுங்கள், எவ்வளவு கேட்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் இன்னும் 4ஐ உங்களுக்கும் 8ஐக் கூட்டாளிக்கும் பிரித்துப் புள்ளியைக் கூட்டிப் பாருங்கள். பத்துப் பதினைந்து முறை இப்படிச் செய்தால், எந்த மாதிரிக் கையில் நீங்கள் அதிகம் கேட்கிறீர்கள், எதில் பயப்படுகிறீர்கள் என்று அந்தத் தாளே காட்டிவிடும்.